சாமியா, ஆமாம்சாமியா?

வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். மாதாமாதம் 5-ம் தேதி தவணை. ஒரு மாதம் மேனேஜரிடம் போய் இப்படிச் சொல்லிப் பாருங்களேன்:

''சார், இந்த மாசத் தவணையை மனசளவுல கட்டிட்டேன். எண்ணம் சுத்தமா இருந்தா போதும், இல்லையா சார்?''

மேனேஜர் முதலில் சிரிப்பார். அப்புறம் நோட்டீஸ் அனுப்புவார்.

மின்சார வாரியத்தில் இந்த வசனம் செல்லாது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கவுன்ட்டரில் செல்லாது. மளிகைக் கடை அண்ணாச்சிகூட ''மனசளவுல அரிசி தரட்டுமா?'' என்று திருப்பிக் கேட்பார். உலகத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும்தான் இதைத் தைரியமாகச் சொல்கிறோம். அவர் நோட்டீஸ் அனுப்ப மாட்டார், ஃபியூஸைப் பிடுங்க மாட்டார் என்கிற தைரியம். அவர் கடவுள்.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு - செலவாகப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. ஒரு ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு ஷரத்துகளைத் திருத்திக்கொண்டே போனால், அதற்குப் பெயர் ஒப்பந்தம் இல்லை. இன்றைக்கு நம்மில் பலருக்கும் கடவுளுக்கும் நடுவில் இருப்பது அப்படி ஒரு காகிதம்தான்.

சந்தேகம் இருந்தால் கார்த்திகை பிறக்கும்போது ஊரைக் கவனியுங்கள்.

*

''சாமி, எத்தனை நாள் மாலை?''

''அஞ்சு நாள் சாமி. ஆபீஸ்ல லீவு இல்ல.''

''பரவால்ல சாமி. நம்ம குரூப்ல ஒரு சாமி மூணே நாள்தான்.''

சபரிமலைக்கு மண்டல விரதம் என்பது 41 நாள். எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால், டிசம்பர் கடைசி வாரத்தில் மண்டல பூஜை வரைக்கும் கணக்கு. இதை அஞ்சு நாளாக, மூணு நாளாக, சில பேர் ஒரே நாளாகச் சுருக்கிவிட்டார்கள். காலையில் மாலை, மத்தியானம் இருமுடி, ராத்திரி வேன். மலை இறங்கி, குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு, மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'அடுத்த ஸ்டாப் எங்கே?' என்று டிரைவரைக் கேட்கிற கூட்டமும் இருக்கிறது. அடுத்த ஸ்டாப் எது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த வழிபாடு தமிழ்நாட்டுக்குள் எப்படிப் பரவியது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1950-ல் சபரிமலைக் கோயில் தீயில் எரிந்தது. அதன் பிறகு புதிய ஐம்பொன் விக்கிரகம் செய்யப்பட்டது. அந்த விக்கிரகத்தைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுவந்தவர் பி.டி.ராஜன். நீதிக்கட்சித் தலைவர். 1936-ல் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர். கூடவே நாடகக்காரர் நவாப் ராஜமாணிக்கம். அவருடைய ஐயப்பன் நாடகத்தைப் பார்த்து மாலை போட்டவர்கள் ஏராளம். அன்றைக்கு ரோடு சரியில்லை. பாதையில் காடு, யானை, மழை, அட்டை. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை என்று ஏறி இறங்கி நடக்க வேண்டும். போய்ச் சேருவது உறுதி. திரும்பி வருவது ஐயப்பன் கையில். அந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டேதான் போனார்கள்.

எம்.என்.நம்பியாரை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அவர் செய்யாத அக்கிரமம் இல்லை. வீட்டில் மது கிடையாது, மாமிசம் கிடையாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மலைக்குப் போனவர். சினிமா உலகத்துக்கே குருசாமி. ஷூட்டிங் இருக்கிறது, மேக்கப் இருக்கிறது, கால்ஷீட் இருக்கிறது என்று அவரும் சாக்குச் சொல்லியிருக்கலாம். 2008 நவம்பரில் அவர் மறைந்தபோதுகூட மண்டல சீசன் தொடங்கியிருந்தது. நமக்கு இருக்கிற வேலையைவிட அவருக்குக் கம்மி வேலையா?

*

சரி, 41 நாளில் அப்படி என்ன இருக்கிறது?

காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளியல். செருப்பு கிடையாது. சவரம் கிடையாது. மாமிசம், மது, சிகரெட் கிடையாது. படுக்கை கிடையாது, பாய்தான். தாம்பத்தியம் கிடையாது. கோபப்பட்டுக் கத்தக் கூடாது. யாரைப் பார்த்தாலும் 'சாமி'.

இந்தக் கடைசி விஷயம் சாதாரணம் என்றா நினைக்கிறீர்கள்? வருஷத்தில் மீதி நாளெல்லாம் 'ஏய்' என்று டிரைவரைக் கூப்பிடுகிற முதலாளி, அந்த 41 நாள் 'சாமி, வண்டி எடுங்க' என்கிறார். அறுபது வயசுக்காரர், முப்பது வயசு கன்னிசாமி காலில் விழுகிறார். சாதி, சம்பளம், பதவி எல்லாம் ஒரு கறுப்பு வேட்டிக்குள் காணாமல் போகிறது. சபரிமலையில் 'தத்துவமசி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'நீயே அது' என்று அர்த்தம். அந்த வாசகத்தை மேலே போய்ப் படிப்பதற்கு முன்னால், கீழே நாற்பது நாள் பழக்கிவிடுகிற ஏற்பாடு இது.

கவனியுங்கள். இந்த விதிகளில் எதுவும் நமக்குப் பிடித்ததாக இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் வாரம் உற்சாகமாகத்தான் இருக்கும். புது வேட்டி, புது மாலை, வீட்டில் ராஜ மரியாதை. பத்தாவது நாள் முகம் அரிக்க ஆரம்பிக்கும். இருபதாவது நாள் குதிகாலில் வெடிப்பு. இருபத்தேழாவது நாள் பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்துவிட்டு முறைப்பான். நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை கழுத்தில் கிடக்கிற துளசி மாலை தடுத்து நிறுத்தும். அந்த விநாடியில்தான் விரதம் தன் வேலையைச் செய்கிறது. எனக்குப் பிடித்தவரைக்கும் செய்தது என் சௌகரியம். பிடிக்காமல் போன பிறகும் செய்தேன் பாருங்கள், அதுதான் வழிபாடு.

மூணு நாள் மாலைக்காரருக்கு இந்த இருபத்தேழாவது நாள் வருவதே இல்லை. அவர் தரிசனத்தை வாங்கிவிட்டார். விரதத்தைத் தொலைத்துவிட்டார். மூணு நாளை தரிசனத்துக்கான டிக்கெட் மாதிரி நினைத்துவிட்டார். டிக்கெட் விலை குறைந்தால் லாபம் என்பது வியாபாரக் கணக்கு. இங்கே விலைதான் சரக்கே!

*

இதைச் சொன்னால் உடனே பதில் வரும். எல்லாம் தயாராக வைத்திருக்கிறோம்.

''மனசு சுத்தமா இருந்தா போதாதா?'' போதும். தாராளமாகப் போதும். ஆனால் அப்படிப்பட்ட சுத்தமான மனசு இருப்பவருக்கு மாலை எதற்கு? இருமுடி எதற்கு? வீட்டிலேயே கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ளலாமே? மாலையும் வேண்டும், படி ஏறி எடுத்த போட்டோவும் வேண்டும், 'கட்டு நிறைச்சாச்சு' என்ற பெருமையும் வேண்டும். விரதம் என்று வரும்போது மட்டும் மனசு போதுமா?

''வேலை இருக்கு சார், குடும்பம் இருக்கு.'' யாருக்கு இல்லை? 41 நாள் செருப்பில்லாமல் தார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவரைக் கோயம்பேட்டில் பார்க்கலாம். கொத்தனார், ஆட்டோக்காரர், டீக்கடை மாஸ்டர், லாரி டிரைவர் என்று முழு விரதம் இருப்பவர்களில் பல பேர் லீவே இல்லாத வேலை பார்ப்பவர்கள். லீவு, சம்பளம், ஏ.சி. எல்லாம் இருப்பவருக்குத்தான் டைம் இல்லை.

''அடுத்தவன் பக்தியை அளக்க நீ யார்?'' நான் அளக்கவில்லை. அளவு சொன்னது அந்த வழிபாடு. அந்த மாலையைப் போடு என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களாகப் போய் ஏற்றுக்கொண்ட விதி அது.

''உடம்பு சரியில்லாதவங்க என்ன பண்றது?'' நியாயமான கேள்வி. இதற்கும் அந்தக் கோயிலிலேயே பதில் இருக்கிறது. பதினெட்டுப் படி ஏற இருமுடி வேண்டும். இருமுடி இல்லாதவர்கள் வேறு வழியாகப் போய் அதே ஐயப்பனை அதே இடத்தில் கும்பிடலாம். கோயில் அவர்களை விரட்டவில்லை. 'முடியவில்லையா? பரவாயில்லை, இந்தப் பக்கமாக வா' என்கிறது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஆனால் அந்த வழியில் போக மட்டும் நமக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. விரதம் வேண்டாம், பதினெட்டுப் படி வேண்டும்.

நிஜமான வழிபாட்டில் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. பக்கத்து வீட்டு பாயிடம் கேளுங்கள். ரமலான் மாதத்தில் நோயாளியும் பயணியும் நோன்பை விடலாம். விட்ட நோன்பைப் பின்னால் 'களா'வாகப் பிடித்துக் கணக்கைத் தீர்க்க வேண்டும். குணமாகாத நோய் என்றால், விட்டுப்போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு. தவணையைத் தள்ளி வைக்கலாம், தள்ளுபடி கிடையாது. சந்திர வருஷம் என்பதால் அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவரும். 2018, 2019-ல் மே மாதக் கத்திரி வெயிலில் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்க இருக்க வேண்டும். 'ரொம்ப வெயிலா இருக்கு, டிசம்பருக்கு மாத்திக்கலாமா?' என்று எந்த ஜமாத்தும் தீர்மானம் போடவில்லை. மாதம் நமக்காக நகராது, மாதம் வரும்போது நாம் தயாராக இருக்க வேண்டும் என்ற புரிதல் அது.

*

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். என் முற்போக்கு நண்பர்கள் கண் சிவக்கக் காத்திருப்பார்கள்.

''அப்ப எதையுமே மாத்தக் கூடாதா? பழசையெல்லாம் அப்படியே பிடிச்சுத் தொங்கணுமா? தீண்டாமைகூட மரபுன்னுதானே சொன்னாங்க?''

மாற்ற வேண்டும். மாற்றியும் இருக்கிறார்கள். 1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோரை வைத்தியநாத ஐயர் அழைத்துக்கொண்டு போனார். காலம் காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே போனார்கள். இதனால் ஐயருக்கு என்ன லாபம்? அவருக்குக் கோயில் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. கிடைத்தது சொந்த சாதிக்காரர்களின் வசவும் விலக்கி வைப்பும்தான். வள்ளலார் 1867-ல் வடலூரில் தர்மசாலை தொடங்கினார். சடங்குகளைக் கேள்வி கேட்டவர். கேட்டுவிட்டு, வேலை மிச்சம் என்று படுத்துக்கொண்டாரா? பசிக்கிறவனுக்குச் சோறு போடும் வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

ஆகவே, மாற்றத்தை எடை போட ஒரு எளிய தராசு இருக்கிறது. பி.காம். முதல் வருஷப் பாடம்தான். இந்த மாற்றத்தில் வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

வைத்தியநாத ஐயர் செய்த மாற்றத்தில் வரவு அடுத்தவருக்கு, செலவு அவருக்கு. மூணு நாள் மாலைக்காரர் செய்யும் மாற்றத்தில் வரவு அவருக்கு, செலவு வழிபாட்டுக்கு. முதலாவது சீர்திருத்தம். இரண்டாவது டிஸ்கவுண்ட். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடாதீர்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சீர்திருத்தக்காரர் பகிரங்கமாகச் செய்வார். 'இந்த விதி தப்பு, யாருக்குமே இது வேண்டாம்' என்று ஊர் நடுவில் நின்று சொல்லி, கல்லடி வாங்குவார். டிஸ்கவுண்ட் பக்தர் விதியை எதிர்ப்பதே இல்லை. விதி அப்படியே இருக்கட்டும், மற்றவர்கள் கடைப்பிடிக்கட்டும், எனக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்பார். கம்பெனியின் விதியைத் திருத்த வேண்டும் என்றால் பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட வேண்டும். கல்லாப்பெட்டியில் யாருக்கும் தெரியாமல் கைவிட்டால் அதற்கு வேறு பெயர்.

2018 செப்டம்பரில், எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏராளமான ஆண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தத் தீர்ப்பு சரியா, தப்பா என்பது தனி வாதம். நான் கேட்பது சின்னக் கேள்வி. அன்றைக்குக் கொடி பிடித்தவர்களில் எத்தனை பேர் அந்த வருஷம் 41 நாள் முழுசாக இருந்தார்கள்? பெண்களுக்கான விதி என்றால் கல்வெட்டு. தனக்கான விதி என்றால் பென்சில் எழுத்து, ரப்பரும் கையிலேயே!

பெண்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. முழு விரதம் இருப்பவர்களிலும் ஒரு ரகம் உண்டு. 'நான் மாலை போட்டிருக்கேன்' என்று அவர் ஈஸிசேரில் உட்கார்ந்துகொள்வார். காலை நாலு மணிக்கு எழுந்து, குளித்து, தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று வீட்டுக்காரம்மா அல்லாடுவார். புண்ணியம் ஐயா கணக்கில், உழைப்பு அம்மா கணக்கில். வேட்டியைத் துவைத்துக்கொள்வதும் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொள்வதும் விரதத்தில் சேராதா சாமி? விரதத்தின் சுமையை இன்னொருத்தர் தலையில் கட்டுவதும் டிஸ்கவுண்ட்தான்.

*

ஐயப்ப பக்தர்களை மட்டும் நான் குறிவைப்பதாக நினைக்க வேண்டாம். நோய் எல்லா இடத்திலும் இருக்கிறது.

அட்சய திருதியை. தண்ணீர்க் குடம், விசிறி, தயிர்சாதம் என்று வெயில் காலத்தில் அடுத்தவருக்குத் தானம் கொடுக்கும் நாள். ஜைனர்களுக்கும் அது புனித நாள்தான். வருஷம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசம் இருந்தவர்கள் கரும்புச் சாறு குடித்து விரதத்தை முடிப்பார்கள். நாம் அதை என்ன செய்தோம்? கொடுக்கிற நாளை வாங்குகிற நாளாக மாற்றினோம். நகைக்கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். விற்பது அவர் தொழில். தானம் கொடுக்கச் சொன்னால் பத்துப் பேர் வருவார்கள், தங்கம் வாங்கச் சொன்னால் பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று நம்மைச் சரியாக எடைபோட்டது அவர் சாமர்த்தியம்.

அடுத்து, ஜனவரி 1. அர்த்தஜாம பூஜை முடிந்து பள்ளியறைக்குப் போன சாமியை, ஆங்கிலப் புத்தாண்டுக்காகப் பல ஊர்களில் நடுராத்திரி எழுப்புகிறோம். ஏன்? நாம் முழித்துக்கொண்டிருக்கிறோம், அதனால். சாமியின் நேரத்துக்கு நாம் எழுந்த காலம் போய், நம் பார்ட்டி முடிகிற நேரத்துக்கு சாமி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மார்கழி மாதம், அதிகாலை நாலரை மணிக்கு அதே கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். நாலைந்து பாட்டிகள் இருப்பார்கள். க்யூ இருக்காது.

இதற்கு நாத்திகர் எவ்வளவோ தேவலை. 'எனக்கு நம்பிக்கை இல்லை, நான் வரவில்லை' என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் கணக்குப் புத்தகத்தில் பொய் இல்லை.

*

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஐயப்பனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாற்பத்தோரு நாள் நான் ஷேவ் பண்ணாததால் அவருக்கு எந்த லாபமும் கிடையாது.

நஷ்டம் நமக்குத்தான். ஒரு நாள் வாழ்க்கை நம்மைக் கீழே தள்ளும். வேலை போகும். பயாப்ஸி ரிப்போர்ட் வரும். பெற்ற பிள்ளை பேச மாட்டான். அப்போது நாம் ஒரு பிடிமானத்தைத் தேடுவோம். நமக்குப் பிடிக்காததை, வலிப்பதை, அலுப்பதை, 'சொன்னேன், செய்தேன்' என்று தாங்கிப் பழகியவருக்குக் கையில் ஏதோ ஒன்று இருக்கும். நம் சைஸுக்குத் தைத்து வைத்த கடவுள் அப்போது என்ன செய்வார்? இத்தனை வருஷமாக நாம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் அவர். 'அஞ்சு நாள் போதும்' என்றோம், ஆமாம் என்றார். 'நடுராத்திரி எழுந்திரு' என்றோம், ஆமாம் என்றார். நாமே கலங்கிப்போய் நிற்கும்போது, நமக்குத் தெரியாத ஒரு வார்த்தையை அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

தமிழில் இப்படிப்பட்டவருக்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது. ஆமாம்சாமி.

அதனால் அடுத்த கார்த்திகையில் கடைக்குப் போய் மாலை வாங்குவதற்கு முன்னால், வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரை ஒரு தடவை பாருங்கள். 41 நாளை எண்ணுங்கள். முடியுமா? போடுங்கள். இருபத்தேழாவது நாளும் உங்களுக்குக் கிடைக்கட்டும். முடியாதா? போடாதீர்கள். ஒரு குற்றமும் இல்லை. இருமுடி இல்லாமல் அந்த இன்னொரு வழியாகப் போய், 'என்னால முடிஞ்சது இவ்வளவுதான்' என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கும்பிடு நேர்மையான கும்பிடு.

ஆமாம்சாமிகள் நமக்கு ஆபீஸிலேயே நிறைய இருக்கிறார்கள். மலைமேலாவது ஒரு சாமி இருக்கட்டுமே.